மாதம் இரண்டாயிரத்துக்காக ஆள் எடுப்பார்களா?

குன்னூரில் சின்னத் தேயிலை ஃபேக்டரிகளுக்கும் காட்டேஜ்களுக்கும் பிஎஃப் கணக்குப் பார்க்கிறேன். புதிதாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கும் முதல் வேலைக்கு வருகிறவருக்கும் பணம் தரும் மத்திய அரசுத் திட்டமான பிரதமரின் விக்சித் பாரத் ரோஸ்கார் யோஜனா வந்ததிலிருந்து முதலாளிகள் கேட்பது ஒன்றுதான்: "புதுசா ஆள் போட்டா கவர்மென்ட் எவ்வளவு தரும்?"

பிஎஃப் கணக்கிடும் சம்பளம் 14,000 என்றால் முதலாளிக்கு மாதம் 2,000 ரூபாய் வரும். அதே ஆளுக்கு முதலாளி கட்டும் 12 சதவீதம் 1,680. காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் அரை அரை சதவீதம், 140. மிச்சம் 180 ரூபாய். இதற்காக யாரும் ஆள் எடுக்க மாட்டார்கள். கொழுந்து வரத்து கூடினால் எடுப்பார்கள், ரூம் நிறைந்தால் எடுப்பார்கள். ஆனால் எப்படியும் எடுக்கப்போகிற ஆளை, நோட்டில் பெயர் எழுதிக் கைக்காசு கொடுப்பதோடு விடாமல், பிஎஃப்பில் சேர்க்கவைக்கிறது இந்தப் பணம். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

கோத்தகிரிப் பக்கமிருந்து பேக்கிங் வேலைக்கு வந்த பெண்ணுக்கு அரசின் உமாங் செயலியில் முகம் காட்டி யுஏஎன் என்ற பிஎஃப் நம்பர் எடுத்தோம். மூடுபனியில் உள்ளே வெளிச்சம் போதாமல் வாசலில் நிற்கவைத்துத்தான் முகம் பதிந்தது. நம்பர் வந்ததும் முதலில் அம்மாவுக்கு அனுப்பினாள். காலமெல்லாம் கொழுந்து பறித்த அந்த அம்மாவுக்குப் பிஎஃப் கணக்கே இருந்ததில்லை. முதல் வேலை என்பதால் இவளுக்கு ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு, அதிகபட்சம் 15,000, இரண்டு தவணையாக வரும். முதல் தவணை ஆறு மாதம் வேலையில் இருந்த பிறகு.

அந்த ஆறு மாதம்தான் இங்கே இடிக்கிறது. ஏப்ரல், மே சீசனுக்கு காட்டேஜில் சேர்கிறவர்கள் மழை பிடித்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். செப்டம்பரில் இரண்டாம் சீசனுக்கு அதே ஆட்கள்தான் திரும்ப வருகிறார்கள். நடுவில் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள சின்ன முதலாளிக்கு வழியில்லை. தவிர, முதலாளிக்குப் பணம் கிடைக்க, 50 பேருக்குக் குறைவான இடத்தில் கூடுதலாக இரண்டு பேராவது சேர வேண்டும்; போனவருக்குப் பதிலாக வந்தவர் கூடுதலில் சேரமாட்டார். ஃபேக்டரி உற்பத்தித் துறை என்பதால் அந்த மாதப் பணம் நான்கு வருடம் கிடைக்கும், காட்டேஜுக்கு இரண்டே வருடம். வருடம் முழுக்க ஆள் வைத்திருக்கிறவருக்கே கூடுதல் சலுகை!

ஒரே முதலாளியிடம் இரண்டு சீசன் செய்த வேலையைச் சேர்த்து ஆறு மாதமாக எண்ண வேண்டும் என்பதே என் கோரிக்கை. 2027 ஜூலை 31 வரை சேர்கிறவர்களுக்குத்தான் இந்தத் திட்டம். மாற்றுவதானால் அடுத்த கோடைக்கு முன்பே மாற்றட்டும்.