ஏழு துண்டு டேப்பும் முப்பது பவுண்டு குரலும்

பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கில ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் பற்றிப் பேச்சு வந்தால், அட்டையில் இருக்கும் முப்பட்டகம், ரோஜர் வாட்டர்ஸின் வரிகள், டேவிட் கில்மரின் கிட்டார் என்றுதான் பெரும்பாலும் போகும். ரெக்கார்டிங் தியேட்டரிலேயே வயதைக் கழித்த எனக்கு அந்த ஆல்பம் முதலில் ஒரு வேலையிடம். 1972 ஜூன் தொடங்கி 1973 ஆரம்பம் வரை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் சம்பளத்துக்கும் ஒருநாள் கூலிக்கும் வந்துபோனவர்களின் உழைப்பு, அதில் எங்கே தொட்டாலும் தட்டுப்படுகிறது.

'மனி' பாட்டின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொட்டுகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. மண்பாண்டம் செய்ய வாட்டர்ஸின் மனைவி வைத்திருந்த பெரிய கிண்ணத்தில் காசுகளைப் போட்டுப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு சத்தமும் ஒரு துண்டு டேப். ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத்தில் ஏழு துண்டு வெட்டி, வளையமாக ஒட்டி, மெஷினுக்கு வெளியே ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றிவரும்படி ஓடவிட்டார்கள். பாட்டின் ஏழு எண்ணிக்கைத் தாளம் அந்த வளையத்திலிருந்துதான் நடக்கிறது. நம் மிருதங்கக்காரர்கள் கேட்டால் மிஸ்ரம் என்று உடனே தொடையில் தட்டிவிடுவார்கள்.

நான் கோடம்பாக்கத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது ஸ்பூல் டேப் இன்னும் புழக்கத்தில் இருந்தது. பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவதுதான் பழகிய முதல் வேலை. நேராக வெட்டினால் ஒட்டு வரும் இடத்தில் 'டப்'பென்று தட்டும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் மற்றதற்குள் வழுக்கிக்கொண்டு போகும். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை நொடி என்பது ஏழரை அங்குலம். ஒரு துண்டு அரை அங்குலம் கூடிவிட்டாலே தாளம் நொண்டும். அதனால்தான் அந்த வளையத்தைக் கேட்கும்போது எனக்குக் காசுச் சத்தத்தைவிட ஸ்கேலும் பிளேடும் பிடித்த விரல்கள்தான் முன்னால் வருகின்றன. இன்று கம்ப்யூட்டர் திரையில் இதை நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் தாளத்தை நீளமாக, கையில் பிடித்துப் பார்க்கிற அனுபவம் அதில் இல்லை. அதை நான் இழப்பாகவே நினைக்கிறேன்.

சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் இ.எம்.ஐ. நிறுவனத்தின் சம்பளக்காரர். வயது இருபத்துமூன்று, வாரச் சம்பளம் 35 பவுண்டு. 'டைம்' பாட்டில் திடுக்கிட வைக்கும் கடிகாரங்கள் அவர் கொண்டுவந்தவை. நான்கு ஸ்பீக்கர்களில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் குவாட்ரபோனிக் முறையைக் காட்டுவதற்காக ஒரு பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாக அவர் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். இந்த ஆல்பத்துக்காகச் செய்ததே இல்லை! அலமாரியில் கிடந்த டேப் சரியான பாட்டு வந்ததும் இடம் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம் எதையும் அழிக்காதே என்று என் மூத்தவர் ஓயாமல் சொன்னதன் பொருள் இந்தக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இடையிடையே வரும் பேச்சுக்குரல்களும் அப்படித்தான் கிடைத்தன. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் யார் கிடைத்தாலும் மைக் முன்னால் உட்கார வைத்தார். கடைசியாக எப்போது கைநீட்டினீர்கள், சாவுக்குப் பயமா என்கிற மாதிரிக் கேள்விகள். பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார், அது சேர்க்கப்படவில்லை. வாசலில் ஆள் பார்த்துக்கொண்டிருந்த ஜெரி ஓ'டிரிஸ்கால் சொன்னது சேர்ந்தது. ஆல்பத்தின் கடைசிப் பேச்சு அவருடையதுதான். பெரிய பெயரை விட்டுவிட்டு உண்மையான குரலை எடுத்த அந்த முடிவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

1973 மார்ச்சில் வெளிவந்த ஆல்பம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1988 வரை 700 வாரத்துக்கும் மேல் இருந்தது. நான்கு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது என்கிறார்கள். 'ஆன் தி ரன்' போன்ற சிந்தசைசர் சோதனைகள் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குப் பாதை போட்டன. இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள்.

எனக்குச் சொல்ல வேண்டியது கிளேர் டோரியைப் பற்றி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை, பார்சன்ஸ் சிபாரிசில் வந்த பாடகி. ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, 30 பவுண்டு. குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட் வாசித்த பியானோவை ஓடவிட்டு, மேலே பாடு, சொற்கள் வேண்டாம் என்றார்கள். மெட்டும் கொடுக்கவில்லை. தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு இரண்டு டேக் முழுதாகவும் மூன்றாவதைப் பாதியும் பாடிவிட்டு, இது தேறாது என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனார். பின்னர் கடையில் ஆல்பத்தைப் பார்த்தபோதுதான் தன் பெயர் அதில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. பெயர் இருந்தது, ஆனால் பாடகியாக மட்டும். தான் பாடிய அந்த 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யின் உருவாக்கத்தில் தனக்கும் பங்குண்டு என்று 2004இல் வழக்குப் போட்டார். 2005இல் சமரசம் ஆனது. இப்போது அந்தப் பாட்டின் ஆக்கம் ரைட், டோரி இருவர் பெயரிலும் இருக்கிறது.

எங்கள் தியேட்டருக்கு ட்ராக் பாட, அதாவது பெரிய பாடகர் வரும்வரை மாதிரிக்குப் பாடிக் கொடுக்க, வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் டோரி நினைவுக்கு வருவார். ஒரு பெண் பல்லவிக்கு முன்னால் சும்மா இழுத்த ஒரு ஹம்மிங், அந்தப் பாட்டுக்கே அடையாளமாகிப்போனது எனக்குத் தெரியும். பிறகு பெரிய பாடகி வந்து அதை அப்படியே பாடிக் கொடுத்தார். முதலில் பாடிய பெண்ணுக்குக் கிடைத்தது அன்றைய கூலிக் கவர் மட்டும். மெட்டு இசையமைப்பாளருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹம்மிங் அவருடையதில்லை என்று நான் இன்றும் சொல்வேன்.

அதனால் இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். பாடகர் ஹெட்ஃபோன் மாட்டியதுமே ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிடுவேன். ஒத்திகை என்று சொல்லிப் பாடுவதும் பதிவாகும். கூடவே, யார், எந்த இடத்தில், தானாக எதைச் சேர்த்துப் பாடினார் என்று செஷன் ஷீட்டில் முழுப்பெயரோடு எழுதி, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். இதெல்லாம் எதற்கு என்று மேனேஜர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். டோரியின் கதையைச் சொல்வேன். சிலர் கேட்டுக்கொள்வார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஷீட்டை மட்டும் நான் விட்டதில்லை.