உட்கார்ந்து எழுந்திருக்கும் வேலை

பாத்ரூமுக்குள் போய் உள்தாழ்ப்பாள் போடுவதை நாங்கள் இருவரும் நிறுத்திவிட்டோம். கதவைச் சும்மா சாத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். வீட்டில் இருப்பது நானும் அவரும். எனக்கு 67, அவருக்கு 73. இதில் யாருக்கு என்ன வெட்கம்? உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால், ஆசாரியைத் தேடிப் பிடித்துக் கதவை உடைக்கும் வரை காத்திருக்க முடியாது. விருந்தாளிகள் போட்டுக்கொள்ளட்டும் என்று தாழ்ப்பாளைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களின் பேச்சைக் கேட்டால், வயதாவது என்பது முழுக்க எண்கள்தான் என்று தோன்றும். சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை இவ்வளவு, பின் இவ்வளவு, மூன்று மாத சராசரி இவ்வளவு. ஒருவர் 6.8 என்றால் அடுத்தவர் முகம் வாடுகிறது. பள்ளியில் கணக்கு நடத்தியவள் நான், எண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் அன்றாடத்தை மாற்றியது சர்க்கரை அல்ல. உட்காருவது, எழுந்திருப்பது, குனிவது. இந்த மூன்றைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

எழுந்திருப்பதில் முதலில் மாட்டியவர் அவர்தான். ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிரஷர் பார்த்தால் எப்போதும் சரியாகவே இருக்கும். ஏனென்றால் எப்போதும் உட்கார வைத்துத்தான் பார்த்தார்கள். முதியோர் மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் போனபோதுதான், படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை பார்த்தார். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் கவனிக்க வேண்டுமாம். இவருக்கு அதையும் தாண்டி இறங்கியது. புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசினும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை அது. பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். (நீங்களாக எதையும் நிறுத்தித் தொலைக்காதீர்கள்.) இப்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். "டீச்சரம்மா உத்தரவு" என்று முணுமுணுப்பும் உண்டு.

இத்தனைக்கும் முதியோருக்கென்று தனிப் பிரிவை 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் தொடங்கிவிட்டார். 2024-இல் கிண்டியில் முதியோருக்கென்றே தனி மருத்துவமனையும் வந்துவிட்டது. இருந்தும் நிற்க வைத்து பிரஷர் பார்க்கும் வழக்கம் நம் தெருமுனை கிளினிக் வரை வந்து சேரவில்லை. நாமே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு வேறு தொல்லை. பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுவதால் சாயங்காலம் கால் வீங்குகிறது. பகலெல்லாம் காலில் தங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. ராத்திரி நான் எழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, மத்தியானம் தலையணை மேல் காலை உயர்த்திப் படுக்கிறேன். அந்த நீரைப் பகலிலேயே வெளியேற்றிவிட்டால் ராத்திரி கொஞ்சம் நிம்மதி. சாயங்காலம் ஏழு மணிக் காப்பியையும் விட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாத்ரூமில் கைப்பிடி வைக்க வந்தவர், "துண்டு போடற கம்பியையே பிடிச்சுக்கலாமேம்மா" என்றார். அந்தக் கம்பி துண்டைத் தாங்கும், என்னைத் தாங்காது. சுவரைத் துளைத்து, கம்மோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று வைக்கச் சொல்லி, நானே தொங்கிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

கால் பலத்தைப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கையை மார்போடு கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11-க்குக் கீழே போனால், விழுகிற ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் எண்ணைச் சொல்ல மாட்டேன். ஆனால் குக்கர் விசில் வரும் வரை சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். வேலைக்காரப் பெண் முதல் நாள் பயந்தே போனாள்.

குனிவதில்தான் விட்டுக்கொடுத்தவை அதிகம். மார்கழியிலும் சின்னக் கோலம்தான், அதுவும் முக்காலியில் உட்கார்ந்து. ஸ்டிக்கர் கோலம் மட்டும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறேன். தினமும் எடுக்கிற டப்பாக்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு வந்துவிட்டன. அறுபத்துமூவருக்கு மாடவீதிக் கூட்டத்தில் நிற்பதில்லை, தெரிந்தவர் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறோம். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ் இலவசம். டிக்கெட் காசு மிச்சம், ஆனால் அந்த முதல் படியின் உயரம் அப்படியே இருக்கிறது. தாழ்தள பஸ் வந்தால் ஏறுகிறேன், இல்லாவிட்டால் ஆட்டோ.

மிச்சம் இருப்பது பரண். கொலு பொம்மைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்பது படி ஐந்தாகி, இப்போது மூன்றில் வந்து நிற்கிறது. பொம்மைகளை ஒரேயடியாகக் கீழே இறக்கி அலமாரியில் வைத்துவிடலாம் என்கிறேன் நான். "அலமாரியில என் ஃபைல் எல்லாம் இருக்கே" என்கிறார் அவர். ஏணி வேறு அவர் கட்டிலுக்கு அடியில். என்னங்க, 1994 கரண்ட் பில்லை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நவராத்திரிக்குள் யார் ஃபைல் வெளியே போகிறது என்று பார்த்துவிடுகிறேன்.