மிஞ்சிய சேவல்களுக்கு விலை வைத்த அனுபவம்

வேடசந்தூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் சிறுவிடை நாட்டுக்கோழிகளை மேய்ச்சலில் விட்டு வளர்க்கிறோம். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். ஆகவே ஒவ்வோர் ஈட்டிலும், அதாவது ஒரே தடவை அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளில், சேவல்கள் மிஞ்சுகின்றன. நான்கு மாதம் கடந்து கூவத் தொடங்கியதும் அவை ஒன்றையொன்று கொத்திக் குதறுவதோடு, பெட்டைகளை ஓயாமல் மிதித்து முதுகு இறகையும் பிடுங்கிவிடுகின்றன. எப்படியும் விற்றாக வேண்டும் என்பது வாங்க வருபவருக்கும் தெரியும் என்பதால், அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடும் வழக்கம் எங்கள் பகுதியில் பரவலாக இருக்கிறது. நாங்களே ஒரு விலையை வைத்து, அந்த விலையில் நின்று விற்கப் பழகிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கறிக்கோழிக்குப் பல்லடத்திலும், முட்டைக்கு நாமக்கல்லிலும் விலை நிர்ணயித்து அறிவிக்கிறார்கள். அதைப் பார்த்துப் பண்ணையாரும் கடைக்காரரும் பேசிக்கொள்ளலாம். தோட்டத்து நாட்டுச்சேவலுக்கு அப்படி ஒரு பொது விலை கிடையாது. கடைகளில் நாட்டுக்கோழி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி, தீவனம் போட்டு மூன்று மாதத்துக்குள் எடைக்குக் கொண்டுவரப்படும் கலப்பினக் கோழிகள்தான். ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவை புறக்கடை வளர்ப்புக்கு நல்ல இனங்களே. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐந்து மாதம் மேய்ந்தும் ஒன்றரைக் கிலோவைத் தொடத் திணறும் சிறுவிடைச் சேவலுக்கு, அந்தக் கோழிகளின் கடை விலையை அளவுகோலாக வைத்தால் வளர்ப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. எனவே அடக்கவிலையிலிருந்து தொடங்கினேன்.

ஒரு முட்டையை 15 ரூபாய்க்கு விற்றிருக்கலாம். நான்கு வைத்தால் மூன்று பொரிப்பதாகக் கொண்டால், ஒரு குஞ்சின் முட்டைக் கணக்கு 20 ரூபாய் ஆகிறது. மேய்ச்சலில் பொறுக்குவது போக, ஐந்து மாதத்தில் ஒரு சேவலுக்கு நாங்கள் போடும் கம்பு, குருணை, தவிடு எல்லாம் சேர்ந்து சுமார் ஆறு கிலோ. கிலோ சராசரி 30 ரூபாய் என்றால் 180 ரூபாய். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி, அம்மைத் தடுப்பூசி, குடற்புழு மருந்து ஆகியவற்றுக்கு 15 ரூபாய். பருந்துக்கும் கீரிக்கும் நோய்க்கும் போகும் குஞ்சுகளின் செலவைப் பிழைத்தவைதானே சுமக்க வேண்டும்? அதற்கு 25 ரூபாய் சேர்த்தேன். காலையில் திறந்து விட்டு, மாலையில் எண்ணி அடைத்து, கூண்டைக் கழுவும் வேலைக்கு 60 ரூபாய் போட்டேன். இந்த வேலைக்கூலியை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆக மொத்தம் 300 ரூபாய். சேவல் 1.4 கிலோ நிற்கும்போது, உயிர் எடைக்கு அடக்கவிலை கிலோ ஏறத்தாழ 215 ரூபாய் என்று வந்தது.

அடுத்து வியாபாரியின் விலை. வீடு தேடி வருபவர் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். பிறகு நெஞ்செலும்பின் நுனியை விரலால் வளைத்துப் பார்த்து இளசா முற்றலா என்று அறிவார். காலில் முள் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பார். கடைசியாகக் கழுத்தடியில் இரைப்பையை அமுக்கி, தீனியால் புடைத்திருந்தால் அதற்கென்று எடையில் கழிக்கச் சொல்வார். அது நியாயமான கோரிக்கைதான். அதனால் விற்கும் நாளில் விடிந்ததும், இரை போடுவதற்கு முன்பே எடை போட்டுவிடுகிறேன். கழிப்பது பற்றிய பேச்சே அதன்பின் எழுவதில்லை.

“மொத்தமா பிடிச்சுக்கிறேங்க, 280 போட்டுக்கலாம்” என்றார் வழக்கமாக வருபவர். அந்த விலை சரியா என்று அறிய, வியாழக்கிழமை கூடும் அய்யலூர்ச் சந்தைக்குச் சேவல்களை நானே கொண்டுபோனேன். ஆட்டுக்கும் கோழிக்கும் பெயர்பெற்ற சந்தை அது. விடியும் முன்பே பேரம் தொடங்கிவிடும், வெயில் ஏறினால் விலை இறங்கும். அங்கே கிலோ 330 ரூபாய் வரை கேட்டார்கள். வண்டிச் செலவு, சுங்கம், காலைக் கட்டிக் கொண்டுபோவதில் குறையும் எடை ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 300 ரூபாய். எனவே, வாசலில் வந்து மொத்தமாக வாங்குபவருக்குக் கிலோ 300 ரூபாய் என்று முடிவு செய்தேன். சந்தைக்குப் போனால் எனக்கு என்ன நிற்கும் என்பதை எடுத்துச் சொன்னதும், வியாபாரி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வீட்டுச் சமையலுக்கு ஒன்றிரண்டாக வாங்குபவர்களுக்கு 420 ரூபாய் வைத்தேன். உரித்துச் சுத்தம் செய்தால் உயிர் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே கறி நிற்கும் என்பதால், கறியாகப் பார்த்தால் அது கிலோ 650 ரூபாய் ஆகிறது. இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர் எடை விலையைக் கறி விலை என்று எண்ணி வந்தவர் மனக்குறையோடு திரும்பினால், மறுபடி வரமாட்டார்.

உறவுக்காரர்களிடம் விலை பேசுவதுதான் கடினமாக இருந்தது. அத்தை முறையில் ஒருவர், “தாயா பிள்ளையா பழகிட்டு கிலோக் கணக்குப் பேசுறியேப்பா” என்றார். அவருக்கு வியாபாரி விலையான 300 ரூபாய்க்கே கொடுத்தேன். உறவு முறைக்கு அதுவே விலை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டோம். அதற்குக் கீழே இறங்குவதில்லை.

நல்ல விலைக்காகக் காத்திருப்பது பற்றியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மேல் சிறுவிடைச் சேவல் மாதம் 100 கிராம் ஏறினாலே அதிகம். 420 ரூபாய்க்கு விற்றாலும் அந்த ஏற்றத்தின் மதிப்பு 42 ரூபாய்தான். ஆனால் நாளுக்கு 100 கிராம் தீனி என்றால் மாதத்தில் 90 ரூபாய் தின்றுவிடும். புரட்டாசியில் பலர் அசைவத்தை நிறுத்திவிடுவதால் கேட்பாரே இருக்கமாட்டார்கள். ஆகவே விலையை ஏற்றி வைத்துக் காத்திருப்பதைவிட, விற்கும் மாதத்தை வைத்து அடை வைப்பதே லாபம் என்று கண்டேன். மாசியில் பொரித்த ஈடு ஆடிக்கும், வைகாசியில் பொரித்தது ஐப்பசியில் வரும் தீபாவளிக்கும் ஐந்து மாதச் சேவலாக நிற்கும். கோடையில் கருக்கூடாத முட்டைகள் கூடுதல் என்பதால், தீபாவளி ஈட்டுக்குச் சில முட்டைகள் அதிகமாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

ஆடியில் எடைக் கணக்கு எடுபடுவதில்லை. கருப்பனுக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துகொண்டவர்கள் செஞ்சேவல், கருஞ்சேவல் என்று நிறம் சொல்லிக் கேட்பார்கள். கொண்டை கிழியாமல், விரல் குறையாமல் இருக்க வேண்டும் என்பார்கள். அத்தகைய சேவலை உருப்படிக்கு 800 ரூபாய் என்று கொடுக்கிறேன். நேர்த்திக்கடன் என்பதால் எவ்வளவு சொன்னாலும் வாங்குவார்கள், 1,500 கேள் என்று சொன்னவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கடன் தீர்க்க வருபவரிடம் அப்படிக் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊனமில்லாத சேவலைத் தனியே அடைத்துக் காப்பாற்றும் செலவுக்கு 800 ரூபாய் தகும்.

சண்டைக்கென்று கேட்டு வருபவர்கள் இவற்றையெல்லாம்விடக் கூடுதலாகவே தருவார்கள். விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, கையில் வைத்து இரை ஊட்டிய சேவலை அதற்குக் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. அவர்களிடம் விலையே சொல்வதில்லை.

தீவன விலை மாறும்போதெல்லாம் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுகிறேன். கம்பும் குருணையும் தவிடும் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் சேவலுக்கு 30 ரூபாய் கூடும், 1.4 கிலோச் சேவலில் அது கிலோவுக்கு 21 ரூபாய். அந்த அளவுக்கு மட்டும் விலையை ஏற்றி, கொள்முதல் ரசீதோடு காட்டுகிறேன். வழக்கமாக வாங்குபவர்கள் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.