எந்த அளவுகோலின் டிகிரி?

எங்கள் பேராசிரியர் மறைந்த சில மாதங்களில், அவருடைய தாள்களை ஒழுங்குபடுத்திக் காப்பகத்தில் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொத்தம் முப்பத்தேழு அட்டைப்பெட்டிகள். 2000 டிகிரிக்கு மேல் திடப்பொருள்கள் எப்படி ஆவியாகின்றன என்பதை அளப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். மூடிய சிறு கலத்தில் ஒரு மிகச் சிறிய துளை. அதன் வழியே கசியும் ஆவியைக் கொண்டு ஆவியழுத்தம் கணிப்பது. க்னூட்சன் முறை என்போம்.

முதல் இரண்டு நாள் ஒரு தவறு செய்தேன். கடிதம், கட்டுரை, ரசீது என்று வகை பிரித்து அடுக்கினேன். காப்பக அலுவலர் வந்து பார்த்தார். "அவர் வைத்த வரிசையைக் கலைக்காதீங்க சார், அந்த வரிசையும் ஆவணம்தான்" என்றார். துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றுவது, அமிலமற்ற உறைகளுக்கு மாற்றுவது, வெளிறும் வெப்பத்தாள் வரைபடங்களை உடனே நகலெடுப்பது, எல்லாம் அவர் சொல்லித் தந்தவை.

அவர் சொன்னதன் அருமை மூன்றாம் நாள்தான் உறைத்தது. 1964ஆம் ஆண்டு நோட்டின் பின்னட்டைக்குள் இருந்த பழுப்பு உறையை நான் ரசீதுக் கட்டில் போட்டிருந்தேன். பிரித்தால், பைரோமீட்டர் விளக்கின் அளவுத்திருத்தத் தாள்! உலையின் ஒளியைக் கொண்டு அதன் வெப்பநிலையை அளக்கும் கருவிதான் பைரோமீட்டர். உலையின் ஒளியில் விளக்கின் இழை கண்ணுக்கு மறையும்வரை மின்னோட்டத்தைத் திருகுவார்கள். அந்த மின்னோட்டம் எத்தனை டிகிரி என்று சொல்வது இந்தத் தாள்தான். நோட்டிலோ வெறும் ஆம்பியர் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. உலகம் முழுதும் பின்பற்றும் வெப்பநிலை அளவுகோலையே அவ்வப்போது திருத்தியிருக்கிறார்கள். தங்கம் உறையும் வெப்பநிலை 1948 அளவுகோலில் 1063 டிகிரி, 1968இல் 1064.43, 1990இல் 1064.18. மேலே போகப் போக இந்த வேறுபாடு விரியும். ஆவியழுத்தமோ வெப்பநிலை சற்றுப் பிசகினாலே வெகுவாக மாறிவிடும். எந்த அளவுகோல் என்று தெரிந்தால், அன்று அவர் எடுத்த அளவீட்டை இன்றும் திருத்திக் கணக்கிடலாம். அச்சான கட்டுரையில் முடிவு மட்டும்தான் இருக்கிறது. நான் ரசீதோடு ரசீதாகத் தொலைக்க இருந்தது மூலத்தை.

ரசீதுக் கட்டு முழுவதையும் மறுபடி பிரித்தேன். இன்னும் மூன்று உறைகள் கிடைத்தன. நல்லவேளையாக ஒவ்வொன்றின் மூலையிலும் நோட்டு எண்ணைப் பேராசிரியர் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அவையவற்றின் இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, பெட்டிப் பட்டியலில் இப்படிச் சேர்த்தேன்: "விளக்கு அளவுத்திருத்தம், 1948 அளவுகோல். 1964 நோட்டைத் திறக்குமுன் இதைப் பார்க்கவும்."