அடியைப் பிரட்டிப் பாருங்கோ

எங்களோடு சித்திர பாடம் படித்தவர்களுக்கு அந்தப் பிஸ்கற் பேணி கட்டாயம் ஞாபகம் இருக்கும். மூடி துருப்பிடித்து, திறக்கும்போது கிறீச்சென்று சத்தம் போடும். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஏழெட்டுப் பீங்கான் ஓடுகள். 1977இல் யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டிக் கரையில் சீனப் பீங்கான் துண்டுகள் வெளிப்பட்டன அல்லவா, எங்களுக்குச் சித்திரம் படிப்பித்த சேரின் மனைவிக்கு ஊர் அதுதான். 11, 12ஆம் நூற்றாண்டு, சொங் அரசர் காலத்துச் சாமான் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

என் கைக்கு வந்தது ஒரு கிண்ணத்தின் அடித்துண்டு. நான் பூச்சு மின்னுகிற உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். “முதல் அடியைப் பிரட்டிப் பாருங்கோ தம்பி. செய்தவன்ரை கை அங்கைதான் இருக்கும்” என்றார். அடிவளையத்தில் பூச்சு இல்லை, வெறும் மண். சக்கரம் சுழன்ற கோடுகள் தெரிந்தன. ஓரத்தில் விரல் பதிந்த சின்னப் பள்ளம் ஒன்று. அதில் என் சுண்டுவிரல் அளவாகப் பொருந்தியது.

1985இல் ஜேர்மனிக்கு வந்தேன். முதல் வேலை உணவகத்தில் கோப்பை கழுவுவது. கழுவி அடுக்கும்போது ஒவ்வொன்றின் அடியையும் பார்ப்பேன். அது சேர் பழக்கிய பழக்கம், இன்றுவரைக்கும் போகவில்லை.

மகள் டிரெஸ்டனில் பல்கலைக்கழகம் சேர்ந்த பிறகுதான் அந்த நகரத்துக்குப் போகக் கிடைத்தது. ட்ஸ்விங்கர் மாளிகையில் உள்ள பீங்கான் சேகரிப்பைப் பார்க்க ஒரு மணித்தியாலம் போதும் என்று நினைத்து உள்ளே போனேன். பூட்டும் நேரம் வந்துதான் வெளியே வந்தேன். ஏறக்குறைய 20,000 பொருட்கள் அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. அதன் அடித்தளம் ஒரே மனிதரின் ஆசை. சாக்சனி நாட்டை ஆண்டவரும் 1697 முதல் போலந்து மன்னருமாக இருந்த பலசாலி அவுகுஸ்ட் அவர். தோடம்பழ ஆசை போலத்தான் பீங்கான் ஆசையும், பிடித்தால் போதும் என்ற சொல்லே வராது என்று தானே கடிதத்தில் எழுதியவர்.

அங்கே நீலமும் வெள்ளையுமாக, மூடி போட்ட பெரிய சாடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் உயரம், சீனாவின் ஜிங்தெஜென் சூளைகளில் சுட்டவை. ‘டிராகூன் சாடிகள்’ என்பது அவற்றின் பெயர். டிராகூன் என்றால் குதிரைப்படை வீரன். 1717இல் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெட்ரிக் வில்லியமுக்குப் படைவீரர் தேவைப்பட்டார்கள், அவுகுஸ்டுக்கு பீங்கான் தேவைப்பட்டது. 600 வீரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். பெர்லினுக்குப் பக்கத்து அரண்மனைகளில் இருந்த 151 பாத்திரங்கள் இந்தப் பக்கம் வந்தன. கணக்குப் போட்டால் ஒரு பாத்திரத்துக்கு நாலு மனிதர். அவர்கள் போய்ச் சேர்ந்த படைப்பிரிவை பீங்கான் படை என்றே ஆட்கள் கூப்பிட்டார்களாம். அந்தச் சாடிகளின் முன்னால் நிறைய நேரம் நின்றேன். அழகுதான், மறுக்க முடியாது. ஆனாலும் சண்டை நடந்த ஊரில் இருந்து வந்தவனுக்கு அந்த 600 பேரை விட்டுவிட்டு நீலப் பூவை மட்டும் பார்க்க முடியவில்லை.

பொன் செய்யத் தெரியும் என்று சொன்ன பொட்கர் என்ற இளைஞனைப் பிடித்து அடைத்துவைத்து, அவன் வழியாகவே சீனத்து வெள்ளைப் பீங்கானின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க வைத்ததும் இதே அவுகுஸ்ட்தான். 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது வேறு. சேகரிப்பைப் பற்றிய புத்தகம் ஒன்றில் பாத்திரங்களின் அடிகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். 1721இல் மன்னர் எல்லாவற்றையும் எண்ணிப் பதிவேட்டில் எழுத வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் பூச்சைக் கீறி இலக்கம் வெட்டி, கறுப்புத் தேய்த்து விட்டிருக்கிறார்கள். இலக்கத்தோடு வகைக்கு ஒரு குறி. நீல வெள்ளைக்கு வளைந்து வளைந்து போகும் கோடு, வெள்ளைப் பீங்கானுக்கு முக்கோணம். சதுரக் குறி போட்ட வகையைப் பதிவேட்டில் ‘பழைய இந்தியப் பீங்கான்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வகையில் இருப்பவை ஜப்பானின் அரித்தாவில் செய்த ககியெமோன் பாணிப் பாத்திரங்கள்! பாலாடை போன்ற வெள்ளை, அதில் ஓரமாக ஒரு செம்பழுப்புக் கிளை, கீழே இரண்டு காடைகள், மீதி முழுக்க வெறுமை. அந்த வெறுமையை அப்படியே விடத் துணிந்த கை யாருடையது? பதிவேடு எழுதியவருக்குக் கிழக்கில் இருந்து கப்பலில் வந்ததெல்லாம் ‘இந்தியா’தான்.

அந்தக் கப்பலை எங்களுக்கும் தெரியும். 1644இல் மிங் ஆட்சி விழுந்து சீனா குழம்பிக் கிடந்தது, சூளைகளில் இருந்து சரக்கு வரவில்லை. ஒல்லாந்தக் கம்பனி ஜப்பான் பக்கம் திரும்பி, 1659இல் அரித்தாவுக்குப் பெரிய ஓடர் கொடுத்தது. அதற்கு முந்தின வருடம், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்ததும் அதே கம்பனிதான். சரித்திர வகுப்பில் நாங்கள் கோட்டையை மட்டும் பாடமாக்கினோம்.

அப்புறம் ஒரு கலியாண வீட்டுக்கு அம்ஸ்டர்டாம் போனபோது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு முழு அறையைப் பார்த்தேன். லேவார்டன் நகரத்து ஆட்சியாளர் மாளிகையில் இளவரசி அல்பெர்டினா அக்னெஸுக்காக 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. சுவர் முழுக்கச் சீனத்து அரக்குப் பலகைகள். கறுப்பு அரக்கைச் செதுக்கி, பள்ளத்துக்குள் நிறம் தீட்டி எடுத்த வேலை. மடித்து விரிக்கிற மறைப்புத் தட்டிகளாகச் செய்தவற்றை அறுத்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இந்த வேலைப்பாட்டுக்கு ஐரோப்பாவில் வழங்கிவந்த பெயர் ‘கொரமண்டல் அரக்கு’. கொரமண்டல் என்றால் சோழமண்டலம். அந்தக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் மாறி வந்ததால் சீனத் தச்சனின் வேலைக்கு எங்கள் கடற்கரையின் பெயர் வைத்துவிட்டார்கள். மகள் “இது எங்கடை பெயர்தானே அப்பா” என்று சந்தோசப்பட்டாள். பெயர் எங்களுடையது, வேலை அவர்களுடையது என்று அந்த இடத்திலேயே அவளுக்குச் சொன்னேன். சேர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

டிரெஸ்டன் பீங்கான்களை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரத்தை விட்டு வெளியே கொண்டுபோய் ஒளித்தார்கள். போர் முடிய சோவியத் படை எடுத்துச் சென்றது. 1958இல் திரும்பி வந்தன, 1962இல் ட்ஸ்விங்கருக்குள் வைத்தார்கள். அடியில் வெட்டிய இலக்கங்கள் இருந்ததால், எது மன்னரின் பதிவேட்டில் இருந்த சாமான் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

எங்கள் பேணியில் இலக்கம் எதுவும் இல்லை. 1995 ஒக்ரோபரில் சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்டபோது அது சித்திர அறை அலுமாரிக்குள் இருந்தது என்று ஒரு நண்பன் சொல்கிறான். சேர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று இன்னொருவன் சொல்கிறான். சேரும் இப்போது இல்லை. பச்சை கலந்த வெள்ளை, உள்ளங்கை அளவு, அடிவளையத்தில் சுண்டுவிரல் பள்ளம். யாராவது பிறகு அதைக் கண்டிருந்தால் இந்தப் பள்ளிக்கூட மலரின் குழுவுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.