இரண்டு முறை அடிக்கோடிட்ட வரி

காட்டுத்தீ வகுப்பில் அந்த மாணவியின் நோட்டை அப்போதே திருத்தியிருக்கலாம். பேனாகூடக் கையில்தான் இருந்தது. "தீ காட்டுக்கு நல்லது" என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். பார்த்தேன், மணி அடித்தது, விட்டுவிட்டேன்.

துளையிட்ட பலகையில் தீக்குச்சிகளை மரங்களாக நட்டுப் பற்றவைத்திருந்தோம். சமமாக இருந்தபோது சில வரிசைகளோடு அணைந்த தீ, பலகையைச் சாய்த்ததும் உச்சிவரை ஏறியது. சரிவில் மேலே நிற்கும் மரம் தீ வந்து சேரும் முன்பே சூடேறிவிடும் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிறகு லாட்ஜ்போல் பைன் என்ற வட அமெரிக்க மரத்தின் கூம்பு, காட்டுத்தீயின் சூட்டில் பிசின் உருகித் திறப்பது. பிசினால் இறுகியிருந்ததைக் காலையில் கொதிநீரில் முக்கி எடுத்து வெயிலில் வைத்திருந்தேன். செதில்கள் விரிந்திருந்தன. லேசாகத் தட்டியதும் மெல்லிய இறகோடு ஒரு விதை மேசையில் விழுந்தது. வகுப்பே மூச்சடக்கிப் பார்த்தது.

"அப்போ எல்லாக் காட்டுக்கும் தீ வேணுமா மிஸ்?"

"ஆமாம்மா, தீயும் காட்டோட ஒரு பங்குதான்."

'எல்லா' என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல முடியாது.

தீ என்றாலே அழிவு என்று நம்பி வளர்ந்தவள் நான். 1988இல் எரிந்த யெல்லோஸ்டோன் என்ற அமெரிக்கத் தேசியப் பூங்காவின் சாம்பலில் பைன் கன்றுகள் நெருக்கமாக முளைத்ததைப் படித்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. 1935 முதல் அமெரிக்க வனத்துறை எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைக்கப் பார்த்ததும், அதனால் வறண்ட பைன் காடுகளில் சருகும் இளமரங்களும் மண்டிப் பின்னால் பெருந்தீக்கு இரையானதும் அப்புறம் தெரிந்தது. அந்த வியப்பைக் கொடுக்கத்தானே போனேன்? அச்சத்தை ஏற்கெனவே எல்லோரும் கொடுத்திருந்தார்களே.

ஆனால் எப்போதும் ஈரமாயிருக்கும் மழைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத்தில் ஊரும் தீயே அவற்றைக் கொன்றுவிடும். அவ்வளவு ஏன், அந்த லாட்ஜ்போல் பைன் காடே, கன்றுகள் காய்க்கும் வயதுக்கு வருமுன் மறுபடி எரிந்தால், சிந்த விதை இருக்காது. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

முதல் வகுப்பிலேயே அத்தனையும் சொல்ல முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். "சில காடுகளுக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இந்த ஆண்டு எந்தக் காடு, எந்தப் பருவம், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று கேட்டுக் கேட்டே நடத்தினேன். ஒன்றும் பிசகவில்லை. முடிந்ததும் நோட்டுகளைப் பார்த்தேன். யாரும் எதையும் அடிக்கோடிட்டிருக்கவில்லை.