ரப்பர் சப்பாத்து

பாதி மலையில் என் சப்பாத்து வாயைப் பிளந்தது.

350 வெள்ளி. சரி, வாங்கி நாலு வருடம் அலமாரியிலேயே கிடந்தது. பசை விட்டுப்போயிருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் பிறந்து வளர்ந்தும் குனோங் ஜெராய் மலையை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. 1,217 மீட்டர். குரூண் பக்கமிருந்து காரிலேயே ஏறலாம். நடந்துதான் போவேன் என்று அடம்பிடித்தது நான்தான்.

வேரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா சாவகாசமாகக் கடந்து போனார். அறுபது வயதிருக்கும். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. 'கம்போங் அடிடாஸ்' என்று கிண்டல் செய்வோமே, அதேதான்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டப் போகும்போது போட்டதும் அதுதான். சாயங்காலம் கழுவி, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் கவிழ்த்து வைப்பார். விடியலில் தேள் இருக்கிறதா என்று ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் காலை விடுவார்.

அக்கா திரும்பி வந்து பையிலிருந்து ராஃபியா கயிறு எடுத்துக் கொடுத்தார்.

"இறுக்கிக் கட்டுங்க தம்பி. அட்டை ஏறினா புடுங்காதீங்க, உப்பு வச்சிருக்கேன்."

மேலே மேகம் விலகியதும் மெர்போக் ஆறு, வயல், கடல். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இது என்று சொல்ல வாய் வரை வந்தது.

அக்கா கடலைப் பார்க்கவே இல்லை. செம்பனைக்கு நடுவே தெரிந்த புதுத் தாமான் குடியிருப்பின் கூரைகளைக் காட்டினார்.

"அங்கதான் எங்க லயம் இருந்துச்சு. ரெண்டாவது வரிசை."

இறங்கும்போது இன்னொரு சப்பாத்தும் பிளந்தது. நல்லவேளை, கயிறு மீதி இருந்தது.